மைதானச் சீரமைப்பு: மதிப்பீட்டை எங்கிருந்து படிக்க வேண்டும்?

விளையாட்டு மைதானம் இத்தனை கோடியில் தரம் உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு நெல்லைச் சீமையில் ஏதாவது ஓர் ஊருக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. மறுநாள் டீக்கடையில் எழும் கேள்விகளும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் பொட்டலுக்கு எதற்கு இத்தனை கோடி? எதற்காக மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும்? சென்ற முறை போட்ட தளம் அதற்குள் எப்படிப் பெயர்ந்தது?

மூன்றுக்கும் சேர்த்து ஒரு விடை உண்டு. பழைய மைதானத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை கண்ணில் படாத இரண்டு சங்கதிகள். ஒன்று, தரைக்குக் கீழே தண்ணீர் போகும் வழி. மற்றொன்று, திறப்பு விழாவுக்குப் பிந்தைய பராமரிப்புப் பணம். இரண்டுமே திறப்பு விழாப் படத்தில் வராதவை. மதிப்பீட்டிலும் அவை கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகின்றன, அல்லது இடம்பெறுவதே இல்லை. நுழைவு வளைவும் கேலரி வண்ணமும் முதல் பக்கத்தில் இருக்கும்.

அதனால் அடிப்படையிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து மேலே போவோம்.

நிலம் யாருடையது?

அரசியல் சட்டத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆனால் 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் சேர்ந்த 12ஆவது அட்டவணை, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளாக வைத்திருக்கிறது. ஆக, ஒரே ஊரில் இரண்டு கைகள். பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பு நடக்கும் வ.உ.சி. மைதானம் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. மனுவைத் தவறான மேசையில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இடறுகிறார்கள்.

பொதுமக்கள் மைதானம் என்று அழைக்கும் இடம் சட்டப்படி கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்:

1. உள்ளாட்சிக்குச் சொந்தமான திடல். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் பெயரில் ஆவணம் இருக்கும். சீரமைப்புக்கு இதுவே சிக்கல் குறைந்த வகை.

2. அரசு அல்லது உதவிபெறும் பள்ளியின் மைதானம். மாலையில் ஊர்ப் பிள்ளைகள் ஆடினாலும் பொதுப்பணம் செலவிட வேண்டுமானால் பள்ளி நிர்வாகத்தின் இசைவு வேண்டும்.

3. மனைப்பிரிவில் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விடப்பட்ட திறந்தவெளி. இதை வேறு உபயோகத்துக்கு மாற்ற முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே செல்லாது என்றது.

4. புறம்போக்கு. இதில்தான் கவனம் தேவை. கோடையில் குளம் வற்றியதும் அதன் உள்வாயில் கிரிக்கெட் ஆடுவது தாமிரபரணிப் பாசன ஊர்களில் தலைமுறைப் பழக்கம். ஆடுவதில் தவறில்லை. ஆனால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே கேலரி கட்டவோ தளம் போடவோ அனுமதி கிடைக்காது, கிடைத்தாலும் வழக்கில் நிற்காது.

இந்த நான்கில் எது என்பது, நிலத்தின் வகையையும் உரிமையையும் குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும், எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்திலும் தெரிந்துவிடும். எல்லை அளந்து கல் நடாமல் தொடங்கும் பணி, மதில் சுவர் கட்டும்போது பக்கத்து மனைக்காரரோடு நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

தண்ணீர் போக வழி உண்டா?

கட்டுரையின் கனமான பகுதி இதுதான்.

ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் மைதானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் பெய்வது இங்கே அதிசயமில்லை; அப்போது 10 லட்சம் லிட்டர். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 95 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட மழைக்கு எந்த வடிகாலையும் யாரும் வடிவமைக்க முடியாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கு மறுநாள் மாலையே ஆடும்படி ஒரு மைதானம் வடிய வேண்டும். வாரக்கணக்கில் தேங்கினால் மூன்று காரணங்களில் ஒன்றாவது இருக்கும்.

1. மைதானம் தாழ்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் தார் போட்டுப் போட்டுச் சுற்றுச் சாலைகள் உயர்ந்துவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தெருவைவிட மேடாக இருந்த திடல் இன்று தெருத் தண்ணீரெல்லாம் இறங்கும் பள்ளம். நுழைவாயிலில் இரண்டு படி இறங்கி உள்ளே போகிறீர்கள் என்றால் காரணம் அதுதான்.

2. தரை சமதளமாக இருக்கிறது. பலர் இதை நல்லது என்று நினைக்கிறார்கள். விளையாட்டுத் தரை நடுவில் உயர்ந்து ஓரங்களுக்கு ஆமை முதுகுபோல இறங்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும்: 60 மீட்டர் அகலத் திடலில் நடு, ஓரத்தைவிட 30 சென்டிமீட்டர் உயரம். ஆடும்போது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

3. மண் இறுகிவிட்டது. பொதுக்கூட்டம், பொருட்காட்சி, வாகன நிறுத்தம் என்று லாரியும் காரும் ஏறி ஏறி மேல்மண் சிமெண்டுபோல் ஆகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. பந்தலுக்குத் தோண்டிய குழிகளைச் செங்கல் உடைசல் போட்டு மூடியிருப்பார்கள். முதல் மழையில் அவை அமுங்கிக் குண்டும் குழியுமாகும்.

சரிசெய்யும் முறை பழையதுதான். சுற்றிலும் மூடி போட்ட வடிகால். தரைக்கு அடியில் சில மீட்டர் இடைவெளியில் ஓடைகள் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்து, ஜல்லி நிரப்பி, மண் புகாமல் நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி சுற்றுவது. எல்லாம் சேர்ந்து விழும் இடத்தில் ஓர் உறிஞ்சு கிணறு அல்லது மழைநீர் வடிகாலுடன் இணைப்பு. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். மைதானத்தின் வடிகால் போய்ச் சேரும் தெரு வடிகால் அதைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். வெளியேறும் இடத்தின் மட்டத்தை அளக்காமல் உள்ளே எத்தனை லட்சம் செலவிட்டாலும் வீண்.

இனி மண். நெல்லைச் சீமை முழுவதும் ஒரே மண் இல்லை. பாளையங்கோட்டை, நாங்குநேரிப் பக்கம் செம்மண்ணும் சரளும்; சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணல்; கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் கரிசல். செம்மண்ணும் சரளும் கட்டுமானக்காரரின் நண்பர்கள். கரிசல் அப்படியல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அதன்மேல் நேரடியாகக் கான்கிரீட் தளம் போட்டால் இரண்டு பருவத்தில் தளமும் வெடிக்கும். ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று ஊர் பேசும். சில நேரம் அவர் குறைத்திருக்கவே மாட்டார். கரிசலைத் தேவையான ஆழத்துக்குத் தோண்டி எடுத்துச் சரள் நிரப்பி அடுக்கடுக்காக உருளை விட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்ற வேண்டும். திருநெல்வேலியில் ஒரு கூடைப்பந்துத் தளத்துக்கான மதிப்பீட்டை அப்படியே நகலெடுத்துச் சங்கரன்கோவிலில் வேலை செய்ய முடியாததற்கு இதுவே காரணம். மண் பரிசோதனை அறிக்கை இல்லாத மதிப்பீடு ஊகம்தான்.

கேலரி: பூசி மறைப்பதா, இடிப்பதா?

பழைய கேலரியின் நோயைக் கண்டுபிடிக்கப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. படிக்கட்டுகளுக்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள். பழுப்பு நிறக் கோடு ஓடும். அதன் நெடுகிலும் கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்து கம்பி தெரியும். மேல்படியின் இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து ஓர் அரசங்கன்று எட்டிப்பார்க்கும். அடியில் உடைமாற்றும் அறை என்று எழுதிய கதவுக்குள் சுண்ணாம்பு மூட்டையும் பந்தல் கம்பும் கிடக்கும்.

நடந்தது என்ன? கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கூடவே மழைநீர் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் வேண்டும். உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. கடலோரத்தில் உவரி, இடிந்தகரை போன்ற ஊர்களில் உப்புக்காற்று இதைப் பல மடங்கு வேகமாக்கும்.

இந்த நிலையில் சிமெண்ட் பூச்சும் வண்ணமும் அடிப்பது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து விழும், கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் விழும். முறையான பழுதுபார்ப்பு என்பது தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் திறந்து, துருவை நீக்கி, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி இணைத்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, அதற்குரிய கலவையால் மூடுவது. தூண்களுக்குச் சுற்றிலும் புதுக் கான்கிரீட் உறை போட வேண்டியும் வரலாம்.

எது தேவை என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. மூன்று சோதனைகள் உண்டு. சுத்தியல் சோதனையில் மேற்பரப்பின் கடினம் தெரியும். ஒலி அலையை ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் வாங்கினால் உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்பது தெரியும். உருளையாகக் குடைந்து எடுத்த கோர் மாதிரியை நசுக்கிப் பார்த்தால் உண்மையான வலிமை தெரியும். மூன்றின் முடிவையும் சேர்த்து வைத்து, பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டுமானால் இடிப்பதே மேல் என்று பொறியாளர்கள் பலர் சொல்வார்கள். நான் இன்னொரு கேள்வியையும் சேர்ப்பேன்: இந்த ஊருக்கு இவ்வளவு பெரிய கேலரி வேண்டுமா? ஆண்டில் இரண்டு நாள் நிரம்பும் இருக்கைக்காக, ஆண்டு முழுவதும் ஆடுபவர்களின் தரைக்கான பணம் போய்விடுகிறது. பல ஊர்களுக்கு நாலு வரிசைப் படிக்கட்டும் மேற்கே வரிசையாக வேம்பும் புங்கையும் போதும்.

மேற்கூரைக்குத் தனி எச்சரிக்கை. முன்பக்கம் திறந்த கேலரிக் கூரையில் காற்று அடியில் புகுந்து மேல்நோக்கித் தள்ளும். அதே நேரம் கூரையின் மேல் ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து தகட்டைத் தூக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் கூரைத் தகட்டையும் பிடிக்கிறது. கயத்தாற்றிலும் கதை வேறில்லை. ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் அதிகம். அங்கே திருகாணிகள் நெருக்கமாக வேண்டும். வடிவமைப்பாளர் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, மூன்றாம் பாகத்தின்படி கணக்கிட்டுக் கையெழுத்திட்டாரா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இடத்துக்குள் எது அடங்கும்?

400 மீட்டர் ஓடுதளம் வேண்டும் என்ற கோரிக்கை எல்லா மனுவிலும் இருக்கும். அளவுநாடாவை எடுத்தால் பல கோரிக்கைகள் தாமே விலகும்.

1. எட்டு தடங்கள் கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்குச் சுமார் 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். அதுவே நாலு ஏக்கரைத் தாண்டிவிடும். இரண்டரை ஏக்கரில் அது நடக்காது.

2. நாலு தடங்கள் கொண்ட 200 மீட்டர் ஓடுதளம் சுமார் ஒரு ஏக்கரில் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு அது போதும்.

3. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8. கைப்பந்து 18க்கு 9, சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர். கூடைப்பந்து 28க்கு 15.

4. ஹாக்கி மைதானம் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர்.

5. இறகுப்பந்துக் களம் 13.4 மீட்டருக்கு 6.1. தரை கிடைத்துவிடும், உயரம்தான் கிடைக்காது. சாதாரண மண்டபக் கூரையின் கீழ் ஆடினால் உயர அடிக்கும் பந்தெல்லாம் உத்தரத்தில் இடிக்கும். 9 மீட்டராவது வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மணத்தி கணேசனைப் போன்ற அர்ஜுனா விருதுக்காரரைத் தந்த இந்தச் சீமையின் சொந்த ஆட்டமான கபடிக்குத்தான் மிகக் குறைந்த இடம் தேவை. ஒரு கூடைப்பந்துத் தளத்தின் பரப்பில் இரண்டு கபடிக் களம் வரையலாம். ஆனால் திட்டங்களில் கபடி பெரும்பாலும் ஓரமாக, மிச்சமிருக்கும் மூலையில் வருகிறது.

மண் தரையா, செயற்கைத் தளமா?

செயற்கை ஓடுதளம் என்பது தார் அல்லது கான்கிரீட் அடித்தளத்தின்மேல் ரப்பர் துகளையும் பாலியூரித்தேனையும் கலந்து சுமார் 13 மில்லிமீட்டர் கனத்தில் போடப்படுவது. கால் மூட்டுக்கு இதம், மழை நின்றதும் ஓடலாம், நேரக்கணக்கு துல்லியம். போட்டிக்குத் தயாராகும் வீரருக்கு இது அவசியம்; மண்ணில் மட்டும் பழகியவர் மாநிலப் போட்டியில் முதல்முறையாகச் செயற்கைத் தளத்தில் கால்வைத்தால் தடுமாறுவார். கபடியிலும் அப்படித்தான், ஊர்ப் போட்டி மண்ணில், பெரிய போட்டி விரிப்பில்.

ஆனால் செயற்கைத் தளத்தின் பகைவர்கள் நான்கு பேர்: அடியில் ஈரம், மேலே வெயில், பக்கவாட்டில் மரவேர், குறுக்கே வண்டி. அடித்தளத்தில் ஈரம் சிக்கினால் தளம் கொப்புளம் விட்டுப் பெயரும். முன்பு சொன்ன வடிகாலைச் செய்யாமல் இதைப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதேதான். புற ஊதாக் கதிர் மேற்பரப்பை மெல்ல உதிர்க்கும். நல்ல பராமரிப்பிலும் எட்டு, பத்து ஆண்டுகளில் மேல்பூச்சைப் புதுப்பித்தாக வேண்டும். சித்திரை மாத மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. செயற்கைப் புல் இன்னும் சுடும்.

இன்னொன்று தண்ணீர். ஹாக்கிக்கான செயற்கைப் புல்லில் ஒரு வகைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. அந்த ஊருக்குக் குடிநீரே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீராகக் குழாயில் போகிறது. அத்தகைய ஊரில் தெளிக்கும் தண்ணீருக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி வேண்டும்.

இயற்கைத் தரைக்கும் உழைப்பு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தாழையூத்து அருகே சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையின் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அத்தகைய புல்தரை தினமும் நீர்விட்டு, வெட்டி, உருளை விட்டுப் பார்க்கும் ஆட்களால் நிற்கிறது. உள்ளாட்சி மைதானத்தில் அந்த ஆள் இல்லாமல் புல் விதைத்தால் மூன்று மாதத்தில் நெருஞ்சிதான் மிஞ்சும்.

என் கருத்து: மாவட்டத் தலைநகருக்கு ஒன்றும் பெரிய நகரங்களுக்கு ஒன்றுமாகச் செயற்கை ஓடுதளம் இருக்கட்டும். பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் நன்றாக வடியும் செம்மண் திடல், கூரை போட்ட ஒரு கபடி, கைப்பந்துக் களம், இவை மேல்.

நடப்பவர்கள், பெண்கள், வெளிச்சம்

எந்த மைதானத்திலும் அதிகம் வருபவர்கள் வீரர்கள் அல்லர், விடியற்காலையில் நடப்பவர்கள். அவர்களைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் செருப்போடு ஓடுதளத்தின் உள்தடத்தில் நடப்பார்கள். அது முதலில் தேயும். வெளிச்சுற்றில் தனி நடைபாதை போட்டால் சண்டையும் இல்லை, தேய்மானமும் இல்லை.

பூட்டிக் கிடக்காத, தண்ணீர் வரும் கழிப்பறையும் உடைமாற்ற ஓர் அறையும் இல்லாத மைதானத்தில் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். கேலரிக்குச் செலவாகும் தொகையில் சிறு பங்கு இதற்குப் போதும். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. மூன்றடிச் சறுக்குப் பலகை போல ஒன்றைக் கட்டிவிட்டுக் கணக்கில் காட்டுவது நிறையவே நடக்கிறது.

விளக்கில் சேமிப்பு உண்மையானது. நாலு கம்பங்களில் 1,000 வாட் பழைய விளக்குகள் பதினாறு, தினம் மூன்று மணி நேரம் எரிந்தால் மாதம் 1,440 யூனிட். அதே இடத்தில் 400 வாட் எல்இடி போட்டால் 576 யூனிட். ஆனால் எல்இடியின் கோணம் தவறினால் கைப்பந்தை நிமிர்ந்து பார்ப்பவரின் கண் கூசும். தரையில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; பயிற்சிக்கு 75 முதல் 100 லக்ஸ், உள்ளூர்ப் போட்டிக்கு 200 லக்ஸ் என்பது பொதுவான அளவு. வேலை முடிந்ததும் மீட்டர் வைத்து அளந்து வாங்க வேண்டும்.

ஒரு கோடி எங்கே போகிறது?

ஒரு கோடி ரூபாய் மதிப்பீடு என்றால் ஒரு கோடிக்கும் வேலை நடக்காது. 18 சதவீத ஜிஎஸ்டி, 1 சதவீதத் தொழிலாளர் நல வரி, எதிர்பாராச் செலவு, மேற்பார்வை ஆகியவை போக மண்ணிலும் சுவரிலும் சேர்வது ஏறத்தாழ 80 லட்சம். ஊழல் என்று முடிவுகட்டுமுன் இந்தக் கழிவைத் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு மேல் கழிந்தால் கேட்க வேண்டியதுதான்.

பணம் வரும் வழிகள் பல. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. தொகுதி முழுமைக்கும் அவ்வளவுதான். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 2017இல் திருநெல்வேலி தேர்வான சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம். இவை கட்டுவதற்கான பணம், அதாவது மூலதனச் செலவு. காவலாளி சம்பளம், மின்கட்டணம், கோடு வரையும் சுண்ணாம்பு, உடைந்த குழாய் ஆகியவை வருவாய்ச் செலவு. அவை உள்ளாட்சியின் சொந்த வருமானத்திலிருந்து வர வேண்டும். கட்டுமான மதிப்பில் ஆண்டுக்கு 2, 3 சதவீதமாவது பராமரிப்புக்கு வேண்டும். 3 கோடிக்குக் கட்டினால் ஆண்டுக்கு 6 முதல் 9 லட்சம். சொத்துவரி வசூலே இழுபறியாக இருக்கும் ஒரு பேரூராட்சி இதை எங்கிருந்து எடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு மைதானத்தைப் பொருட்காட்சிக்கு வாடகைக்கு விடுவார்கள்; லாரி ஏறும்; நாம் வடிகால் பகுதியில் பார்த்த மூன்றாவது காரணம் மறுபடி தொடங்கும். வாடகைக்கு விடுவதே தவறு என்று சொல்லவில்லை. ஆடுகளத்துக்கு வெளியே ஒரு பகுதியைச் சரள் போட்டுத் தனியே பிரித்து, அதை மட்டும் விட்டு, வரும் தொகையை மைதானத்தின் பெயரில் தனிக் கணக்கில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஏன் இத்தனை மாதம் பூட்டு?

நிர்வாக அனுமதி என்பது திட்டத்துக்கும் பணத்துக்குமான ஒப்புதல். தொழில்நுட்ப அனுமதி என்பது வரைபடமும் அளவும் சரி என்ற பொறியாளரின் ஒப்புதல். அதன்பின் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், பணி ஆணை. நிதியாண்டு முடியும் அவசரத்தில் பணி ஆணை மார்ச்சில் வந்து, பணம் இரண்டு, மூன்று மாதம் கழித்து வந்து, மண் வேலை ஆவணியில் தொடங்கினால், ஐப்பசியில் தோண்டிய பள்ளமெல்லாம் குளமாகும். தை வரை ஒன்றும் நடக்காது. அந்த மூன்று மாதமும் பூட்டு மட்டும் தொங்கும்.

மண் வேலைக்கு உகந்த காலம் தையிலிருந்து வைகாசி வரை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இன்னும் நெருக்கடி: ஆனி, ஆடியில் சாரல் விடாது தூறும், ஈரமான அடித்தளத்தில் செயற்கைத் தளம் ஒட்டாது. ஆகையால் அங்கே தளம் போடும் வேலையை வைகாசிக்கு முன் முடிக்க வேண்டும், அல்லது அடுத்த தைக்குத் தள்ள வேண்டும். மைதானத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் வேலை, மறுபாதியில் ஆட்டம் என்று நடத்தலாம். ஒப்பந்தக்காரருக்குத் தொந்தரவுதான். டெண்டர் நிபந்தனையிலேயே அதை எழுதிவிட்டால் அவர் அதற்கேற்ப விலை சொல்வார்.

மரம் வெட்ட வேண்டி வந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. அதற்கான நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டிய தாள்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில், 30 நாட்களுக்குள் கீழ்க்கண்டவற்றைப் பெறலாம்:

1. அ-பதிவேடு நகலும் புல வரைபடமும்.

2. மண் பரிசோதனை அறிக்கை. மைதானம், சுற்றுச் சாலை, வெளி வடிகால் மூன்றின் மட்டங்களைக் காட்டும் வரைபடம்.

3. பழைய கட்டடத்தின் சோதனை முடிவுகள்.

4. விரிவான மதிப்பீடு. வடிகாலுக்கு எவ்வளவு, நுழைவு வளைவுக்கு எவ்வளவு என்ற இரண்டு வரிகளை மட்டும் ஒப்பிட்டாலே திட்டத்தின் போக்கு தெரிந்துவிடும்.

5. ஒப்பந்தத்திலுள்ள குறைபாடு பொறுப்புக் காலம். வேலை முடிந்தபின் எத்தனை மாதங்களுக்குள் பழுதானால் ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது இதில் இருக்கும். அந்தக் காலம் ஒரு மழைக்காலத்தையாவது தாண்டுகிறதா என்று பாருங்கள். முடியும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள்.

6. பராமரிப்புக்கான ஒதுக்கீட்டைக் காட்டும் மன்றத் தீர்மானம்.

கிராம சபையிலும், நகரமென்றால் ஏரியா சபையிலும் இவற்றை முன்வைத்துத் தீர்மானம் கேட்கலாம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். தகவல் உரிமை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆவணங்களோடு பணியை நேரில் பார்வையிடுவதும், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அடங்கும். தளத்தை மூடிய பிறகு அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் என்பது தெரியாது. விண்ணப்பத்தை வடிகால் ஓடை திறந்து கிடக்கும் வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.